பழைய கணிப்பொறிக்கு ஷண்டிங் வேலை

கேரளத்தில் 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பாடமாகியுள்ளது. அதே 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. "பிள்ளைக்குப் புதிது வாங்கித்தான் ஆகவேண்டுமா?" என்பது நம் வீடுகளில் எழும் கேள்வி. தேவையில்லை என்பதே என் பதில்.

மெயில் வண்டி இழுத்த இஞ்சினுக்கு வயதானால் ரயில்வேயில் உடனே உடைத்துப் போடுவதில்லை. யார்டில் ஷண்டிங் வேலைக்கு அனுப்புவோம். மூலையில் தூசி படிந்து கிடக்கும் கணிப்பொறிக்கும் அப்படியொரு வேலை உண்டு.

காரணம் எளிது. மாணவர்கள் பயிலும் ஆர்டுயினோ யூனோ பலகையின் சில்லில் நிரலுக்கான இடம் வெறும் 32 கிலோபைட்; நினைவகம் 2 கிலோபைட்; வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். விளக்கு, மோட்டார், உணரி ஆகியவற்றை இயக்க இது தாராளம். நாம் எழுதும் சிறு நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றி, யூ.எஸ்.பி. கேபிள் வழியே ஏற்றுவது மட்டுமே கணிப்பொறியின் வேலை. பதினைந்து வயதுக் கணிப்பொறியும் இதைச் செய்யும்.

முதலில் உடம்பைச் சரிபார்ப்போம். விழிஞ்ஞம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, நினைவகப் பட்டையை எடுத்து, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். உள்ளே நாணயம் போல் இருக்கும் சி.ஆர்.2032 பாட்டரியையும் மாற்றுங்கள். அது தீர்ந்தால் தேதி தவறும்; தேதி தவறினால் இணையதளங்கள் பல திறக்காது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், சுழலும் வன்தட்டுக்குப் பதில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போடலாம். வேகம் கண்கூடாகத் தெரியும்.

அடுத்து லினக்ஸ். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இது இலவசமாகவே கிடைக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக ஓடுவதும் லினக்ஸ்தான். ஆகவே பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 64 பிட் கணிப்பொறியும் 2 கிகாபைட் நினைவகமும் இருந்தால் லுபுண்டு போன்ற எளிய வகை போதும். வேறொரு கணிப்பொறியில் அதை இறக்கி, பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். திரை, விசைப்பலகை, இணையம் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது வன்தட்டு அழிந்துபோகும். குடும்பப் படங்களை முன்னதாகவே நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

பிறகு ஆர்டுயினோ மென்பொருள். 2 கிகாபைட் நினைவகத்துக்கு அதன் பழைய 1.8 வரிசை இலகுவானது. 4 கிகாபைட்டுக்கு மேல் இருந்தால் புதிய 2 வரிசையைப் போடலாம்.

பலரும் திகைத்து நிற்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நிரல் ஏறாமல் "அனுமதி இல்லை" என்று வரும். பலகை பழுது என்று எண்ணிவிடாதீர்கள். லினக்ஸில் தொடர்முனையைப் பயன்படுத்தும் உரிமை "டயல்அவுட்" என்ற குழுவினருக்கே உண்டு. உங்கள் பயனர் பெயரை அக்குழுவில் சேர்த்து, கணிப்பொறியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். பலகையே பட்டியலில் தென்படவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில செல்போன் கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தகவலைக் கடத்தா. மலிவான சி.எச்.340 சில்லுள்ள பலகைகளை, உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. "பிஆர்எல்டிடிஒய்" என்ற அந்த மென்பொருள் உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

இனி மென்பொருளோடு வரும் "பிளிங்க்" நிரலை ஏற்றுங்கள். பலகையில் ஒரு சிறு விளக்கு ஒரு விநாடி எரிந்தும் ஒரு விநாடி அணைந்தும் மாறி மாறிச் சிமிட்டும். அது கண்சிமிட்டினால் பட்டறை தயார் என்று பொருள்.

செலவு மிச்சம் என்பதோடு இதன் பயன் முடிவதில்லை. அப்பாவின் அலுவலகக் கணிப்பொறியைத் தொடப் பிள்ளைகள் பயப்படுவார்கள். இதிலோ எதைக் கெடுத்தாலும் பென்டிரைவைச் செருகி மறுபடி நிறுவிக்கொள்ளலாம், திட்டுவார் யாருமில்லை. கெடுத்துப் பார்த்துக் கற்க ஓர் இடம் வீட்டிலேயே இருந்தால், அந்தப் பாடம் தேர்வோடு மறந்துபோகாது.