15,841 பேரை விழுங்கிய எக்செல் ஃபைல்: டேட்டாவை எக்ஸ்போர்ட் செய்யும்போது எங்கே தப்பு நடக்கிறது?

2020 அக்டோபர் முதல் வாரம். இங்கிலாந்தில் கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் தினசரி கணக்கிலேயே வரவில்லை என்பது திடீரென தெரியவந்தது. ஹேக்கிங் இல்லை, சர்வர் கோளாறும் இல்லை. ஒரு எக்செல் ஃபைலில் இடம் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

ஆய்வகங்கள் முடிவுகளை சிஎஸ்வி ஃபைல்களாக அனுப்பின. அவற்றை 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலுக்குள் ஏற்றியது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிகள்தான் இருக்க முடியும். ஒருவருடைய முடிவே பல வரிகளை எடுத்துக்கொண்டதால், சுமார் 1,400 பேரோடு ஃபைல் நிரம்பிவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் சத்தமில்லாமல் வெளியே விடப்பட்டார்கள். 'உங்களுக்கு பாசிட்டிவ்' என்ற தகவல் அவர்களுக்குப் போய்விட்டது. ஆனால் அவர்கள் யாரையெல்லாம் சந்தித்தார்கள் என்று விசாரித்து எச்சரிக்க வேண்டிய வேலை தாமதமானது. அந்த நாட்களில் அந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று விட முடியாது. எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருட்களில் இருந்து எக்செல்லுக்கு டேட்டா எடுக்கும் பிஎச்டி மாணவர், என்ஜிஓ ஊழியர், அரசு அலுவலக கணினி உதவியாளர் எல்லோருக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது.

எக்செல்லில் எவ்வளவுதான் கொள்ளும்?

2007 பதிப்பில் இருந்து வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள், 16,384 நெடுவரிசைகள். பெரிய எண்தான். ஆனால் நம்ம ஊர் சர்வேக்களுக்கு இதுவும் போதாது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 6,36,699 வீடுகளில் தகவல் திரட்டப்பட்டது. வீட்டுக்கு ஒரு வரி என்றால் அடங்கிவிடும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்றால், வீட்டுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே எல்லை தாண்டிவிடுகிறது.

அப்போது என்ன ஆகும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. எஸ்பிஎஸ்எஸ், மிஞ்சிய வரிகளை அதே ஃபைலில் அடுத்த ஷீட்டில் போட்டுவிடும். நல்ல விஷயம்தான், ஆனால் கீழே இருக்கும் இரண்டாவது ஷீட்டை யார் பார்க்கிறார்கள்? பெரிய சிஎஸ்வி ஃபைலை நேரடியாக எக்செல்லில் திறந்தால், முழுதாக ஏறவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். படிக்காமல் ஓகே தட்டி சேவ் கொடுத்தால், ஏறாத வரிகள் அந்த ஃபைலில் இருந்தே போய்விடும்.

அதனால் எக்ஸ்போர்ட் ஆனதும் முதல் வேலை, மூல மென்பொருள் காட்டும் வரி எண்ணிக்கையையும் எக்செல்லில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது. தலைப்பு வரி ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியே ஏதாவது ஒரு எண் நெடுவரிசையின் கூட்டுத்தொகையையும் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

தமிழ் எழுத்து ஏன் கிறுக்கலாகிறது?

நம்மவர்களின் நம்பர் ஒன் புகார் இது. ஊர் பெயர், ஆள் பெயரெல்லாம் புள்ளி, கொம்பு, கோடு என்று புரியாத குறிகளாக வந்து நிற்கும். பலரும் ஃபான்ட் இல்லை என்று நினைத்து ஃபான்ட் தேடுவார்கள். பிரச்சினை அங்கே இல்லை. ஃபைல் யுடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டிருக்கும், டபுள் கிளிக் செய்தால் எக்செல் அதைப் பழைய ஆங்கில எழுத்துமுறையாக நினைத்துப் படிக்கும். எழுத்து அழியவில்லை, படிப்பதில்தான் தப்பு.

காலி எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஃபைலைக் கொண்டுவந்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் தமிழ் தெளிவாக வந்துவிடும். கிறுக்கலாகத் தெரியும்போதே சேவ் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆதார் எண்ணில் எங்கிருந்து வந்தது 'இ'?

12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கி, நடுவில் புள்ளியும் கடைசியில் 'இ+11' என்றும் காட்டும். இது வெறும் காட்சி மாற்றம்தான், உள்ளே எண் பத்திரமாக இருக்கிறது. செல் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றி, தசம இலக்கம் பூஜ்யம் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த நிலையிலேயே மறுபடி சிஎஸ்வியாக சேவ் செய்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் ஃபைலில் பதிவாகும். அப்போது எண் உண்மையிலேயே போச்சு.

16 இலக்க எண்ணாக இருந்தால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்களின் கதை வேறு. முன்னால் இருக்கும் பூஜ்யத்தையே தூக்கிவிடும். சென்னையின் 044 வெறும் 44 ஆகும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, டெக்ஸ்ட். இம்போர்ட் செய்யும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்.

1 என்றால் ஆணா, பெண்ணா?

எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஆண், பெண் என்று தெரிவது எக்செல்லில் 1, 2 என்று வரும். உள்ளே இருப்பது எண், வெளியே தெரிவது லேபிள். சேவ் செய்யும் இடத்தில் மதிப்புகளுக்குப் பதில் லேபிள்களை சேமிக்கச் சொல்லும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது, அதைத் தட்ட வேண்டும். ஸ்டேட்டா நேர் எதிர். அது வழக்கமாக லேபிளைத்தான் அனுப்பும், எண் வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆய்வில் இரண்டு பேர் இரண்டு மென்பொருளில் வேலை பார்த்தால் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும்.

இதைவிட ஆபத்தானது 99. பதில் சொல்லாதவர்களுக்கு சர்வேக்களில் 99 போடுவது வழக்கம். எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு அது 'பதில் இல்லை' என்று தெரியும். எக்செல்லுக்கு அது வெறும் தொண்ணூற்றொன்பது. ஒன்பது பேரின் சராசரி வயது 30, பத்தாவது நபர் வயதைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். எக்செல் சராசரி 36.9 என்று காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. பார்க்க நம்பும்படியான எண் வேறு! எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே இத்தகைய குறியீடுகளை காலியாக மாற்றிவிடுவதுதான் வழி.

தேதி 60 வருஷம் பின்னால் போவது எப்படி?

ஸ்டேட்டாவும் எஸ்ஏஎஸ்ஸும் நாட்களை 1960 ஜனவரி 1-ல் இருந்து எண்ணுகின்றன. ஆர் 1970-ல் இருந்து. விண்டோஸ் எக்செல் 1900-ல் இருந்து. எஸ்பிஎஸ்எஸ்ஸோ 1582 அக்டோபர் 14-ல் இருந்து, அதுவும் வினாடிக் கணக்கில்! தேதி வெறும் எண்ணாக எக்செல்லுக்கு வந்துவிட்டால் குழப்பம்தான். 2020 ஆகஸ்ட் 15-க்கு ஸ்டேட்டாவின் எண் 22142. எக்செல்லில் அதே எண்ணைத் தேதியாக்கினால் 1960 ஆகஸ்ட் 14 வரும். 21,916 கூட்டினால் சரியாகும்.

நாள்/மாதம் இடம் மாறுவது இன்னொரு தொல்லை. கணினியின் ரீஜியன் அமெரிக்கா என்று இருந்தால், 05/08 என்பது மே 8 ஆகிவிடும். 13/08 மட்டும் மாறாமல் டெக்ஸ்டாக நிற்கும், ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலது ஓரமும் சில இடது ஓரமும் ஒட்டி நின்றால் உஷாராகுங்கள். வருடம்-மாதம்-நாள் வரிசையில் எக்ஸ்போர்ட் செய்தால் இந்தச் சிக்கல் வராது.

இந்தத் தேதிப் பித்து மரபணு ஆய்வையே அசைத்தது. 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 2023-ல்தான் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் வசதியை எக்செல் எல்லோருக்கும் தந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' பகுதியில் இருக்கிறது.

ஏற்கெனவே பூஜ்யம் பறிபோன, இலக்கம் மாறிய ஃபைலை எக்செல்லுக்குள் வைத்து சரிசெய்யப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. மூல ஃபைலுக்குத் திரும்பிப் போய் மறுபடி எக்ஸ்போர்ட் எடுங்கள். அதற்கு அந்த மூல ஃபைல் டெலிட் ஆகாமல் இருக்க வேண்டும்.