வீடு வந்து சேரும் கூலி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கோபுரம் கட்ட நினைக்கிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் அல்லவா என்று லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். தம்மைப் பின்பற்றுவதன் விலையைச் சொல்ல வந்தவர், அதற்கு ஒரு சாதாரண வரவு செலவுக் கணக்கை உவமையாக எடுத்துக்கொள்கிறார். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. ஆனால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டே போடுகிற கணக்கு பெரும்பாலும் தப்பாகிவிடும்.

திண்டுக்கல் பகுதியில் பல குடும்பங்கள் இன்று பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மதுரைக்கோ திருச்சிக்கோ கரூருக்கோ தினமும் போய்வந்தால் கூடுதல் சம்பளம். உள்ளூரில் இருந்தால் குறைந்த சம்பளம். எது நல்லது?

ஒரு காலத்தில் பூட்டுத் தொழிலும் தோல் தொழிலும் சுங்குடி நெசவும் நம் மக்களுக்கு வீட்டருகிலேயே சோறு போட்டன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டுகளின் போட்டியில் பட்டறைகள் குறைந்துவிட்டன. பட்டறைக்காரரின் பிள்ளை இன்று விடியுமுன் பேருந்து நிலையத்தில் நிற்கிறார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போகும் சகோதரிகள் இருட்டிலேயே மில் வேனுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். மதுரையில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம், திண்டுக்கல்லில் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 5,000 ரூபாய் வித்தியாசம். மதுரை சுமார் 60 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம், அங்கே இறங்கி இன்னொரு பஸ், தேநீர் எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ஆகும் என்றால், வீட்டுக்கு வருவது 14,000. உள்ளூரில் போக்குவரத்துக்கு 500 போனால் மீதி 12,500. இப்போது வித்தியாசம் 1,500 ரூபாய்தான்.

இனி நேரத்தைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வேலை செய்யும் இடம்வரை போகவர நாளுக்கு நாலரை மணி நேரம் என்றால், 26 நாளில் 117 மணி நேரம். உள்ளூரில் நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 26 மணி நேரம். ஆக, 1,500 ரூபாய்க்காக 91 மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை! நம்மில் யாரும் அந்தக் கூலிக்கு ஒரு மணி நேரம் வேலைக்குப் போகமாட்டோம். ஆனால் பேருந்தில் நின்றுகொண்டே அதைத்தான் செய்கிறோம்.

உங்கள் தொகை வேறாக இருக்கும். ரயில் நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கெட்டில் செலவு நன்றாகக் குறையும். பெண்கள் உள்ளூரில் வேலை பார்த்தால், அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமே இல்லை. வெளியூர்ப் பேருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அவரவர் கணக்கை அவரவரே போட வேண்டும்.

கணக்கில் விட்டுவிடக் கூடாத இன்னொன்று, கைக்கு வராத சம்பளம். வெளியூர் வேலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறதா? பி.எஃப். இருந்தால் நாம் செலுத்தும் 12 சதவீதத்துக்கு இணையாக முதலாளியும் செலுத்துகிறார். இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கு மருத்துவம் உண்டு. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தாலும் சில நிபந்தனைகளோடு அது பணியில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். உள்ளூர் வேலையில் இவை எதுவும் இல்லையென்றால், அந்த 13,000 நாம் நினைப்பதைவிடச் சிறிய தொகை.

ஆகவே தூரம் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நாசரேத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் செபோரிஸ் என்ற நகரம் இருந்தது. இயேசுவின் இளமைக் காலத்தில் ஏரோது அந்திப்பா அதைப் புதுப்பித்துக் கட்டினான். தச்சரான புனித சூசையப்பர் அங்கே வேலைக்கு நடந்து போயிருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர்கள் உண்டு. கடனை அடைக்க, தொழில் கற்றுக்கொள்ள, பிள்ளையின் படிப்பை முடிக்க ஒருவர் தூரம் போகலாம். ஆனால் எதற்காக, எத்தனை ஆண்டுக்கு என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கெடு இல்லாமல் தொடங்கினால், கடன் தீர்ந்த பிறகும் ஓட்டம் நிற்காது.

அந்தப் பேச்சில் வீட்டில் எல்லாரும் இருக்கட்டும். பயணத்தின் விலையைப் பயணம் செய்கிறவர் மட்டும் கொடுப்பதில்லை. நாலு மணிக்கு எழுந்து சமைக்கும் மனைவி கொடுக்கிறார். தூங்கிய பிறகே அப்பா வந்து சேர்வதால் அவரை ஞாயிறன்று மட்டும் பார்க்கும் குழந்தை கொடுக்கிறது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆளில்லாத வயதான அம்மா கொடுக்கிறார். வேலைக்குப் போவது மனைவியாக இருந்தால் சுமை இரட்டிப்பு. வந்தவுடன் அடுப்பும் அவருக்காகவே காத்திருக்கிறது. அந்த 1,500 ரூபாய் உண்மையிலேயே தேவையா, வேறு வழி உண்டா என்று இவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்.

உள்ளூர் வேலையைத் தேர்ந்துகொண்டவரை நாமும் விட்டுவைக்க வேண்டும். "மதுரை வேலையை விட்டுட்டு இந்தச் சம்பளத்துக்கா வந்தே?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் ஒரு கேள்வி, நன்றாக எடுத்த முடிவையும் குலைத்துவிடும்.

கடைசியாக, நம் பங்கில் கடையோ பட்டறையோ நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. "உள்ளூர் ஆள்தானே, வேறெங்கே போவான்" என்று சம்பளத்தைக் குறைக்காதீர்கள். தேவைக்கு அஞ்சி ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதிப்பதால் மட்டும் அது நீதியாகிவிடாது என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். குடும்பத்தைத் தாங்கக்கூடிய ஊதியமே நேர்மையான ஊதியம் என்று 1981-இல் புனித 2-ஆம் யோவான் பவுல் வலியுறுத்தினார். நீங்கள் இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்து, இ.எஸ்.ஐ.யிலும் பதிவு செய்தால், ஒரு தகப்பன் பிள்ளைகள் விழித்திருக்கும்போதே வீடு திரும்புவார்.

இந்த வாரம் ஒரு மாலை, செபத்துக்குப் பிறகு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் குடும்பமாக உட்காருங்கள். சம்பளத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். செலவையும் நேரத்தையும் மறுபக்கம் எழுதுங்கள். உழைப்பாளரான புனித சூசையப்பர் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.