சந்தேகத் தோமாவின் பெயரில் ஒரு நிருபர்

செய்தித்தாள் ஹெமிங்வேயைப் போர்முனைக்கு அழைத்துப்போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனோ, பத்திரிகை வேலை பழகப் போன ஊரில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு திரும்பினார்.

ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு முடிந்த கையோடு, 1925 இறுதியில் 'நாட்டிங்காம் ஜர்னல்' நாளிதழில் சம்பளமில்லாமல் செய்திகளைத் திருத்தும் வேலையில் சேர்ந்தார் கிரீன். அவர் மணக்க விரும்பிய விவியன், கத்தோலிக்கத்துக்கு மாறியவர். மனைவியாக வரப்போகிறவர் எதை நம்புகிறார் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அந்த ஊர்ப் பேராலயத்துப் பாதிரியாரிடம் பாடம் கேட்கப் போனார். திருச்சபையின் போதனைகளை ஏற்பது அவருக்குப் பெரிய சிக்கலாக இல்லை. கடவுள் இருக்கிறாரா என்ற முதல் கேள்வியிலேயேதான் முட்டிக்கொண்டு நின்றார். வாரக்கணக்கில் வாதாடிவிட்டு, 1926 பிப்ரவரியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஞானஸ்நானப் பெயராக அவர் எடுத்துக்கொண்டது தாமஸ். இறையியல் மேதை தாமஸ் அக்குவினாஸை மனத்தில் வைத்து எடுத்த பெயரல்ல அது. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற திருத்தூதர் தோமாவின் பெயர். நம் பரங்கிமலையோடு சேர்த்து நினைக்கப்படுகிற அதே தோமாதான்.

நேரில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம், நிருபருக்கும் வேண்டியதுதானே! கிரீனின் விசுவாசத்தை வளர்த்தது அதுதான் என்பது என் எண்ணம்.

1938-ல் மெக்சிகோவுக்குப் போனார். அங்கே திருச்சபை ஒடுக்கப்படுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். தபாஸ்கோ மாநிலத்தில் ஆளுநர் கரிதோ கனபால் ஏற்கெனவே பதவியிழந்து வெளியேறியிருந்தார். ஆனால் அவர் காலத்தில் இடித்த கோயில்கள் இடித்தபடியே கிடந்தன. கல்யாணம் செய்துகொண்ட குருக்கள் மட்டுமே ஊரில் இருக்கலாம் என்று சட்டம் போட்ட மாநிலம் அது. அங்கிருந்து கோவேறு கழுதை மேல் மலையேறி, சியாபாஸ் மாநிலத்து லாஸ் காசாஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கோயில்கள் திறந்திருந்தன. குருக்கள் உள்ளே நுழையக் கூடாது. ஒரு வீட்டுக்குள் ரகசியமாக நடந்த பூசையில் கலந்துகொண்டார். போலீசுக்குக் கேட்டுவிடுமே என்று எழுந்தேற்றத்தின்போது மணிகூட அடிக்கவில்லை. குரு வராத கோயிலில் பழங்குடி மக்கள் தாங்களாகவே மண்டியிட்டுச் செபித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். அதுவரை தன் மதம் மூளையில் மட்டும் இருந்தது, மெக்சிகோவில்தான் அது மனத்துக்குள் இறங்கியது என்று பிற்காலத்தில் எழுதினார்.

தபாஸ்கோவில் ஒரு மருத்துவர் சொன்ன சேதி ஒன்றும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. தப்பித்து ஒளிந்து திரிந்த ஒரு குருவானவரிடம் ஆண் குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனார்களாம். குடிபோதையில் இருந்த அவர், குழந்தைக்குப் பிரிஜித்தா என்று பெண் பெயர்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தாராம். இந்தக் கேள்விச் செய்திதான் 1940-ல் வந்த 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவலின் விதை. குடிகாரர், கோழை, ஒரு குழந்தைக்குத் தகப்பனும்கூட; ஆனாலும் சாகக் கிடப்பவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாதவர் நாவலில் வரும் குரு.

அதே பயணத்தைப் பற்றிய கட்டுரை நூல் 'தி லாலெஸ் ரோட்ஸ்' 1939-லேயே வந்துவிட்டது. அதில் கிரீன் எரிச்சல்காரர். சாப்பாடு, வெயில், மனிதர்கள், எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நாவலிலோ, குருவை வேட்டையாடும் போலீஸ் அதிகாரிக்கும் நேர்மையும் ஏழைகள்மீது அன்பும் தருகிறார். மெக்சிகோவில் அப்படி ஓர் அதிகாரியை அவர் பார்க்கவே இல்லை. கற்பனையில்தான் உருவாக்க வேண்டியிருந்தது. எதிராளியின் நியாயத்துக்கு இடம்விடுகிற இந்த மனசைத்தான் நான் கிரீனின் விசுவாசம் என்பேன்.

வத்திக்கான் அப்படி நினைக்கவில்லை. 1953-ல் அந்த நாவலைக் கண்டித்தது; திருத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் வழியாகச் சொல்லியனுப்பியது. உரிமை பதிப்பாளர்களிடம் இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டார் கிரீன். 1965-ல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், அந்த நாவலைப் படித்திருந்தார். உங்கள் எழுத்தில் ஏதாவது ஒன்று சில கத்தோலிக்கர்களைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொன்னார்.

இந்தோசீனா, கென்யா, காங்கோவின் தொழுநோயாளர் குடியிருப்பு என்று எங்கெங்கோ போய்ப் பார்த்த மனிதர் ஒரே ஒரு வாசலில் தயங்கினார். 1949-ல் இத்தாலியில் பாத்ரே பியோ நிறைவேற்றிய பூசையை அருகிலிருந்து கண்டார். உடலில் இயேசுவின் ஐந்து காயங்களைப் போன்ற தழும்புகள் கொண்ட துறவி அவர். நேரில் சந்திக்க வாய்ப்பு வந்தபோது கிரீன் மறுத்துவிட்டார். திருமணத்துக்கு வெளியே ஒரு பெண்ணோடு உறவில் இருந்த காலம் அது. சந்தித்தால் தன் வாழ்க்கை மாறிவிடும் என்று பயந்தார். அந்தத் துறவியின் படத்தை மட்டும் பிற்காலம் வரை பர்ஸில் வைத்திருந்தார். முதுமையில் தன்னைக் 'கத்தோலிக்க அஞ்ஞேயவாதி' என்று சொல்லிக்கொண்டவர் இவர். பாத்ரே பியோவைச் சந்தேகிக்க முடியாமல்தான் அவர் விலகிப் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெக்சிகோப் புத்தகங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கட்டுரை நூலை முதலில் படியுங்கள். அப்போதுதான் நாவலில் அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது தெரியும்.

(தொடரும்)