மழையைக் கணக்கிடும் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், "பசங்க கேம்ஸ்தான் ஆடறாங்க, வேற என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். நான் ஏழாம் வகுப்பு மாணவர்களுடன் செய்ததைச் சொல்கிறேன். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டில் ஒன்று போதும்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதும் தெருவில் லாரிக்குக் காத்துக் கிடந்ததும் நினைவிருக்கும். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நம் மாடியில் எவ்வளவு விழுகிறது என்று பெரும்பாலோர் பார்த்ததில்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை மொட்டை மாடியில் வைத்து, காலையில் ஸ்கேலால் அளந்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும்.

ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தேதி, மழை, லிட்டர் என்று டைப் செய்யுங்கள். அடுத்த வரிசையில் தேதியையும் மழை அளவையும் கொடுங்கள். லிட்டர் செல்லில் = போட்டு, மழை அளவுள்ள செல்லைக் கிளிக் செய்து, *600*0.8 என டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 600 என்பது ஒரு மாணவன் வீட்டு மாடியின் பரப்பு. 0.8 எதற்கென்றால், ஊறியும் ஆவியாகியும் கொஞ்சம் போய்விடும்.

25 மில்லிமீட்டர் மழைக்கு 12,000 லிட்டர் என்று வந்தது. ஒரு டேங்கர் லாரி! வகுப்பே கைதட்டியது. அந்த மாணவன் மட்டும், "சார், எங்க சம்ப்பே 3,000 லிட்டர்தான். நேத்து பாதிகூட நிரம்பலையே" என்றான்.

தவறு என்னுடையது. 600 என்பது சதுர அடி! கம்ப்யூட்டர் நாம் கொடுத்ததைத்தான் பெருக்கும். அடியா மீட்டரா என்று கேட்காது. 10.764 ஆல் வகுத்தால் 55.7 சதுர மீட்டர். 600-ஐ அழித்து 55.7 போட்டதும் 1,114 லிட்டர் ஆனது. 15 லிட்டர் குடத்தில் 74 குடம். லாரிக் கணக்கை விட இதுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

அடுத்த நாட்களுக்கு மறுபடி டைப் செய்ய வேண்டாம். லிட்டர் செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள்.

இப்போது நான்காவதாக ஒரு காலம் சேர்த்திருக்கிறோம்: சம்ப்பில் உண்மையில் ஏறிய லிட்டர். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் அந்த மாணவன் மாடியேறி, குழாய் வாயில் அடைத்த இலைகளை எடுத்துப் போடுகிறான்.