கொடுத்தவர் வீடும் எடுத்தவர் வீடும்

2010 வாக்கில் எத்தியோப்பியாவுக்குப் போய்ப் பிள்ளையைத் தத்தெடுத்த அமெரிக்கத் தம்பதிகள் பலருக்கு, அந்தப் பயணத்தில் ஒரு நாள் பெற்றவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். சிலருக்கு அது அடிஸ் அபாபாவில், காப்பகத்திலேயே முடிந்துவிடும். சிலர் தெற்கே ஹோசானா, துராமே, சோடோ பக்கம் பல மணி நேரம் வண்டியில் போவார்கள். ஓர் அறை, சில நாற்காலிகள், நடுவில் மொழிபெயர்ப்பாளர். தாய் வொலாய்டா மொழியில் சொன்னதை ஒருவர் அம்ஹாரிக்கில் சொல்ல, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்வதும் உண்டு. பிள்ளை எப்படிப் பிறந்தது, வீட்டில் யாருக்கு என்ன நோய், ஏன் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொண்டுவந்த கேள்விகளைக் கேட்பார்கள். வீடியோ எடுப்பார்கள். சில இடங்களில் மெழுகுவத்தி ஏற்றி ஒப்படைப்புச் சடங்கும் நடந்தது. பிறகு வண்டி கிளம்பிவிடும்.

இந்தச் சந்திப்பை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கொரியாவிலிருந்து போன பிள்ளைகள் பலருக்குத் தாயின் முகம் இருக்கட்டும், பெயர்கூடக் கிடைக்கவில்லை. தாய் இருந்தும் அநாதை என்று தாள் எழுதி அனுப்பினார்கள். அதோடு பார்த்தால் எத்தியோப்பியாவில் நடந்தது எவ்வளவோ மேல். சிக்கல் வேறிடத்தில் இருந்தது.

எத்தியோப்பியாவின் 2000ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், தத்துப்போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு உள்ள உறவு நீடிக்கும் என்கிறது. இரு வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால்தான் எடுத்த வீட்டுக்கு முதலிடம். ஒரோமோ மக்களின் குடிஃபாச்சா என்ற பழைய தத்து வழக்கமும் இப்படித்தான்: பிள்ளை வளர்வது ஒரு வீட்டில், உறவு இரு வீட்டிலும். அமெரிக்கச் சட்டமோ பழைய உறவை முழுதாக வெட்டிவிடும். புதிய பெற்றோர் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும். அந்த அறையில் ஒரு வீட்டார் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்தவர்கள் சம்பந்தம் தொடங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கடிதம் வரும், படிப்பு முடிந்ததும் பிள்ளை வந்து பார்க்கும் என்று எதிர்பார்த்த தாய்மார் ஏராளம். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பவேண்டும் என்பது விதிதான். ஆனால் அது போனது அரசு அலுவலகத்துக்கு. அங்கிருந்து தாயின் கைக்கு வந்ததா என்று யார் கேட்டார்கள்?

அவசரமும் சேர்ந்துகொண்டது. 2010இல் மட்டும் சுமார் 2,500 பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 2011 மார்ச்சில், ஒரு நாளைக்கு ஐம்பது தத்து வழக்குவரை பார்த்த எத்தியோப்பிய அமைச்சகம் இனி ஐந்துதான் என்று குறைத்தது. காரணம் வெளிப்படை: வயதைக் குறைத்து எழுதுவது, உயிரோடிருக்கும் தாய் தந்தையை இறந்தவர்களாக்குவது என்று புகார்மேல் புகார். 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தையே நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது.

இன்று வண்டி எதிர்த்திசையில் வருகிறது. அன்று போன பிள்ளைகளில் மூத்தவர்கள் இருபதைத் தாண்டிவிட்டார்கள், தாங்களே தேடுகிறார்கள். கையில் உள்ள நல்ல துப்பு பழைய பெயர். நம்மைப்போலவே அங்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின் அப்பா பெயர், அதற்குப் பின் தாத்தா பெயர். தத்தெடுத்த வீட்டார் அதை மாற்றியிருந்தாலும் நீதிமன்றத் தாளில் மிச்சமிருக்கும். அதை வைத்துக்கொண்டு உள்ளூர்த் தேடுநர்கள் கிராமம் கிராமமாக விசாரிக்கிறார்கள். பெதேசெப் ஃபெலெகா என்ற அமைப்பின் தரவுத்தளத்தில் பிள்ளையைத் தேடும் தாய்மாரும் பதிவு செய்துகொள்ளலாம். டிஎன்ஏ சோதனையும் உண்டு. வடக்கிலுள்ள திக்ரேயில் மட்டும் 2020 நவம்பரில் மூண்ட போரால் தொலைபேசியும் இணையமும் அறுந்து, தேடல் இரண்டு ஆண்டு அப்படியே நின்றுபோனது.

இன்றைய சந்திப்புக்குக் கடிகாரம் கிடையாது. தாய் வீட்டிலேயே நடக்கும். காப்பி வறுத்து இடித்து மூன்று சுற்று ஊற்றுவார்கள், ஊரே வந்து பார்க்கும். பிள்ளைக்கு மொழி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் இன்றும் தேவை. தாளில் இறந்துபோயிருந்த அப்பா எதிரே உட்கார்ந்திருப்பதும் உண்டு.

ரொம்பவும் சங்கடப்படுத்துவது பணம். அன்று பெற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது தவறு; பிள்ளையை விலைக்கு வாங்கியதாகிவிடும். அந்த விதி சரியானதே. ஆனால் வளர்ந்த மகளிடம் தம்பியின் பள்ளிக் கட்டணம் கேட்கிற தாயையும் அதே விதியால் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்புவது அங்கே கடமை. எவ்வளவு என்பதை மகள் முடிவு செய்யட்டும். கேட்டதே குற்றம் என்று வளர்த்தவர்கள் சொல்லவேண்டாம். இடையில் புகுந்து கமிஷன் பார்க்கும் தரகரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

தடைக்குப் பின் தத்து நிறுவனங்களுக்கு அடிஸ் அபாபாவில் வேலையில்லாமல் போனது. அவற்றின் கோப்புகளில்தான் இந்தப் பிள்ளைகளின் ஊரும் பெயரும் இருக்கின்றன. தென்கொரியா 2025இல் தத்துப் பொறுப்பைத் தனியார் கையிலிருந்து எடுத்து, ஆவணங்களையும் ஓர் அரசு மையத்தின்கீழ் கொண்டுவந்தது. எத்தியோப்பிய அரசும், பிள்ளைகளை வாங்கிக்கொண்ட நாடுகளும் அதைச் செய்யட்டும். அதுவரை, அன்று எடுத்த வீடியோவையும் நீதிமன்றத் தாளையும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெற்றோர் அவற்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிடவேண்டும்.