உஷார்! பொருந்தாத பாகத்தைத் தட்டிப் பொருத்தாதீர்கள்

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டு கராஜிலேயே முதன்முதலாகப் பூட்டிக்கொண்டிருக்கிறவர்களே, கொஞ்சம் கையை நிறுத்துங்கள். ஏதோ ஒரு பாகம் சரியாக உட்காரவில்லை என்று அரத்தைத் தேடுகிறீர்களா? வேண்டவே வேண்டாம். சுத்தியலையும் எடுக்காதீர்கள். உட்காராத பாகம் ஏன் உட்காரவில்லை என்று தெரிகிறவரை அடுத்த திருகைத் தொடாதீர்கள்.

யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது உருவான துப்பாக்கி இது. 1959-இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. இன்று பெரியதும் சிறியதுமாக எத்தனையோ கம்பெனிகள் இதன் பாகங்களைச் செய்கின்றன. யாருடைய பாகமும் யாருடையதோடும் சேரும் என்ற பேச்சை நம்பித்தான் புதியவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று கொஞ்சம் தளர்வோ இறுக்கமோ வைத்துக் கடைகிறார்கள். ஒருவருடைய இறுக்கமும் இன்னொருவருடைய இறுக்கமும் சேரும் இடத்தில் பாகம் மக்கர் பண்ணும்.

பயப்படத் தேவையில்லாத பொருத்தமின்மையும் உண்டு. தோளில் பதியும் ஸ்டாக், அதை மாட்டும் பின்புறக் குழாயில் ஏறவே மாட்டேன் என்கிறதா? குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். ராணுவ அளவுக் குழாய் 1.148 அங்குலம், கமர்ஷியல் குழாய் 1.168 அங்குலம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார், அல்லது நீங்கள் மாற்றி ஆர்டர் போட்டிருப்பீர்கள். திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. சேஃப்டி நெம்புகோல் திரும்பவில்லையா? ஹேமரை விரலால் பின்னுக்குத் தள்ளிக் கொக்கியில் நிறுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ஹேமர் கீழே இருக்கும்போது இந்த வகைத் துப்பாக்கியில் சேஃப்டி விழாது, அமைப்பே அப்படித்தான். இது தெரியாமல் டிரிக்கரின் வாலை அரத்தால் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தேய்த்துவிட்டால் அப்புறம் சேஃப்டி திரும்பும், ஆனால் டிரிக்கரைத் தடுக்காது! சேஃப்டி போட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் குழலைத் தோழனை நோக்கித் திருப்பும் ஆளின் கையில் அது போய்ச் சேரும்.

டிரிக்கர், ஹேமர் இரண்டின் கொக்கி முகங்களையும் தொடவே கூடாது. அந்த எஃகுக்கு மேல்தோல்தான் பலம். கடினப்படுத்திய அந்த மெல்லிய தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் சீக்கிரம் மழுங்கிவிடும். ஒருமுறை இழுத்தால் இரண்டு தோட்டா பாய ஆரம்பிக்கும். உயிருக்கும் ஆபத்து, அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது இயந்திரத் துப்பாக்கி என்ற சிக்கலும் கூடவே வரும்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை உண்மையிலேயே கலங்க வைக்கிறது. குழல் ஒரு கம்பெனி, போல்ட் இன்னொரு கம்பெனி. இரண்டையும் சேர்த்தால் போல்ட் முழுசாகப் பூட்டவில்லை, அல்லது கரகரவென்று பிடித்துக்கொண்டு பூட்டுகிறது. பக்கத்திலிருக்கும் அனுபவஸ்தர் சொல்வார்: ‘நாலு தோட்டா சுட்டால் தானாகப் படிந்துவிடும்.’ அந்த நாலில் முதலாவதே உங்கள் முகத்தில் வெடிக்கலாம்!

பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும், குழலின் அறைக்குள் தோட்டாவின் தோள் போய் முட்டும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அதை அளக்க, தோட்டாவின் வடிவத்தில் கடைந்த இரண்டு எஃகுக் கேஜ்கள் கிடைக்கும். ‘கோ’ என்ற கேஜைப் போட்டால் போல்ட் பூட்ட வேண்டும். ‘நோ-கோ’ என்பதைப் போட்டால் பூட்டக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்தான். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உண்மைத் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பதும் சோதனை ஆகாது. அளக்கும்போது எஜக்டரைக் கழற்றிவிடுங்கள், அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளி அளவை ஏமாற்றும். விரல் நுனியால் மெதுவாகத் தள்ளுங்கள், அழுத்தாதீர்கள்.

.223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அதைத் தாங்கி நிற்பவை போல்ட்டின் தலையில் உள்ள ஏழு பூட்டுப் பற்கள். போல்ட் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கும்போது தோட்டா வெடித்தால் பித்தளைக் கூடு கிழியும். வாயு மேகசின் வழியாகக் கீழே பாய்ந்து மேகசினைப் பிய்த்து எறியும். அலுமினிய ரிசீவர் பிளந்துகொள்ளும், பித்தளைத் துகள் கண்ணுக்குப் பறக்கும். ‘கோ’ கேஜில் பூட்டாத போல்ட்டின் பற்களைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், அந்த ஏழு பற்களும் சமமாகப் பாரம் தாங்குவதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போல்ட்டை மாற்றுங்கள், இல்லையென்றால் குழலை மாற்றுங்கள். உங்கள் கையில் வேறு வைத்தியம் இல்லை.

கேஜ் வாங்க மனமில்லையா? ஊரில் இருக்கும் கன்ஸ்மித்திடம் போல்ட்டையும் குழலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளந்து பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகாது.

எல்லாம் பொருந்துவதும்கூட ஆபத்தாகும் ஓர் இடம் இருக்கிறது. .300 பிளாக்அவுட் தோட்டா, 5.56 துப்பாக்கியின் அதே மேகசினில் ஏறும், அதே போல்ட்டில் உட்காரும். சில சமயம் 5.56 குழலுக்குள்ளும் நுழைந்து போல்ட் பூட்டிவிடும். .308 அங்குலக் குண்டு .224 அங்குலத் துளைக்குள் போக வழியே இல்லை, துப்பாக்கி சிதறும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம் கொடுங்கள், ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

முதல் சோதனை ரேஞ்சில்தான், கண்ணாடியும் காதுறையும் போட்டுக்கொண்டு. மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள்: பிளந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, பிரைமர் பிதுங்கியிருக்கிறதா? சுத்தமாக இருந்தால் இரண்டு, பிறகு மூன்று. எடுத்த எடுப்பில் முப்பது நிரப்பாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரின் கராஜில் உதவிக்குப் போகிறேன் என்று கிளம்புமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். விசா பிரச்சினை இல்லாதவர்களும் தங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். மத்தியச் சட்டமும் உண்டு: 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலை முன்கூட்டிப் பதிவு செய்யாமல் பூட்டினால் கம்பி எண்ண நேரும். இந்தியாவில் இதைச் செய்யலாமா என்ற யோசனையே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பாகம் பொருந்தவில்லையா, பெட்டியில் போட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். கேஜ் வைத்து அளந்து பார்க்கிறவரை அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவும் ஏற்றாதீர்கள். யாரையும் ஏற்ற விடாதீர்கள்.