வீட்டுக் கதவும் கோவில் கதவும்

ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள் கத்தோலிக்கக் குடும்பங்களும் பல உண்டு என்பது அன்பர்கள் அறிந்ததே. பட்டாளத்தோடு வந்தவர்களின் வழிவந்தோரும் இவர்களில் உளர். கணினிப் பணிக்காக அண்மையில் வந்தோரும் உளர். ஞாயிறு தவறாது பூசை காண்பதும், பிள்ளைகளை ஞானோபதேச வகுப்புக்கு அனுப்புவதும், ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்ல ஏங்குவதும் இவர்தம் வாழ்வின் அங்கங்கள். இத்தகைய குடும்பம் ஒன்றின் தலைவர் அண்மையில் நம்மிடம் தனித்துப் பேசினார். அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

“ஐயா, என் மகன் தனக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை என்றும், ஆண்கள்பாலே அன்பு செல்கிறது என்றும் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பங்குச் சாமியாரிடம் சொல்லவும் அஞ்சுகிறேன். ஊரிலுள்ள அண்ணனுக்கு எழுதவும் அஞ்சுகிறேன். அவனை வீட்டில் வைத்துக்கொண்டால் நான் வேதத்துக்கு விரோதி ஆவேனா?” என்றார்.

கண்ணீரோடு கேட்கப்பட்ட இக்கேள்விக்கு ஆத்திரமின்றி விடை தேடுவது நம் கடமை.

திருச்சபை சொல்வது யாது?

மறைக்காமல் சொல்வோம். ஆணும் பெண்ணும் கூடிய திருமணத்திற்கு வெளியே நிகழும் உறவைத் திருச்சபை ஏற்பதில்லை. ஒரே பாலினத்தார் இடையேயான உறவு இயற்கை ஒழுங்குக்கு ஒவ்வாதது என்றே 1992-ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. இத்தகையோர் கற்பு நெறியில் வாழ வேண்டும் என்றும் கேட்கிறது. ஆனால் அதே நூல், அதே பகுதியில், இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் மென்மையோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அநீதியாக வேற்றுமை பாராட்டும் எவ்வகைச் செயலையும் விலக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மவருள் பலர் முற்பகுதியை மட்டும் கேட்டறிந்து, பிற்பகுதியைக் கேளாமலே இருந்துவிட்டனர்.

2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த பாப்பரசர் பிரான்சிஸ் இப்பிற்பகுதியையே அழுத்தமாக எடுத்துரைத்தார். ஓரினச் சேர்க்கை விருப்பம் உடையவராய் இருப்பது குற்றமன்று என 2023 ஜனவரியில் வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், பிரேசில் நாட்டு மேற்றிராணியார் ஒருவரின் வினாவுக்கு ரோமாபுரி விடையளித்தது. பால் மாறியோர், விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ விளையாத நிலையில், ஏனையோரைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என்று அவ்விடை தெரிவித்தது. டிசம்பரில், ஒரே பாலினத் துணைவர்களுக்கும் திருமணச் சடங்கின் சாயல் இல்லாத எளிய ஆசீர் வழங்கலாம் என மற்றோர் ஆவணம் வெளிவந்தது. ஆப்பிரிக்க மேற்றிராணிமார் அதனைத் தம் நாடுகளில் நடைமுறைப்படுத்த இயலாது என 2024-இல் மறுத்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான மனித மாண்பு பற்றிய ஆவணம் பால் மாற்றச் சிகிச்சையைக் கண்டித்தது; ஆயினும், பாலின நாட்டத்தின் காரணமாக மனிதர் சிறையிடப்படுவதையும் வதைக்கப்படுவதையும் உயிர் பறிக்கப்படுவதையும் மாண்புக்கு எதிரான செயல் என்றே அது சாடியது.

ஆகவே திருச்சபைக்குள் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. போதனை மாற வேண்டும் என்போரும் உளர். ஓர் எழுத்தும் மாறலாகாது என்போரும் உளர். அதைத் தீர்ப்பது நம் வேலையன்று. நாம் காண்பது ஒன்றே: பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துமாறு இவ்வாவணங்களில் எதுவும் கூறவில்லை. துரத்தும் ஆணையை இடுவது வேதம் அன்று, நம் அச்சம்.

இந்நகரம் கண்ட பாடம்

அச்சம் சட்டமாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் வாழும் இந்நகரமே சாட்சி. நிஜாம் ஆட்சியில், 1919-இல், இங்கே ஒரு சட்டம் பிறந்தது. சிறுவரைக் கடத்துவோர் என்றோ இயற்கைக்கு மாறான குற்றம் புரிவோர் என்றோ ஐயத்துக்குள்ளான திருநங்கையரின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றது அது. அங்ஙனம் பதியப்பட்டவர் பெண்ணுடையிலோ அணிகலன்களோடோ தெருவில் காணப்பட்டால், பொதுவிடத்தில் ஆடினால், பாடினால், பிடியாணை இன்றியே கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறையில் அடைக்கலாம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகமே போதும். நிஜாம் ஆட்சி மறைந்து, நாடு குடியரசாகி, மாநிலங்கள் பிரிந்த பின்னரும் அச்சட்டம் ஏட்டில் நிலைத்திருந்தது. 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர்நீதிமன்றம் அதனை அரசியல் சாசனத்திற்கு முரணானது எனக் கூறி நீக்கியது. நூறாண்டுக்கு மேல் ஒரு நகரம் தன் மக்களுள் ஒரு சாராரைச் சந்தேகப் பதிவேட்டின் நிழலில் வைத்திருந்தது!

உச்ச நீதிமன்றம் 2014-இல் திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஐதராபாத்வாசிகளான சுப்ரியோ, அபய் என்ற இருவர் தம் உறவைத் திருமணமாக ஏற்கக் கோரித் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அவ்வுரிமையை வழங்க மறுத்தனர். சட்டம் அவ்வளவில் நிற்கிறது.

கன்னியர் காட்டிய வழி

சட்டத்தையும் ஆவணத்தையும் விட, செயல் எளிதில் விளங்கும். கேரளத்தில் கொச்சி நகரில், படிப்பை இடையில் விட்ட திருநங்கையருக்காக 2016 டிசம்பரில் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. இடந்தர வீட்டுக்காரர் பலர் மறுத்த நிலையில், கர்மேல் மாதா சபைக் கன்னியரே தம் கட்டடத்தில் இடமளித்தனர். மறு ஆண்டு கொச்சி மெட்ரோ ரயிலில் பணி பெற்ற திருநங்கையருள் சிலர், வாடகைக்கு அறை கிடையாமல் வேலையையே துறக்க நேர்ந்தது. அப்போதும் கன்னியரே அறை தர முன்வந்தனர். அக்கன்னியர் திருச்சபையின் போதனையை மறுத்தவர் அல்லர். ஒரு மனிதர்க்கு இரவில் தலைசாய்க்க இடம் வேண்டும் என்பதை உணர்ந்தவர்கள். அந்நியர்க்குக் கன்னியர் திறந்த கதவை, பெற்றவர் தம் பிள்ளைக்கு அடைக்கலாமா?

நம் வீட்டில்

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனித்த இடர் உண்டு. நம் சமூகம் இங்கே சிறியது. ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் கேட்கும். தங்கையின் சம்பந்தம் தடைப்படுமோ, ஊரில் தலைகாட்ட முடியாதோ என்ற கவலை பொய்யன்று. அக்கவலையால் பெற்றோர் இரண்டு தவறுகளில் வீழ்கின்றனர்.

முதலாவது, “கலியாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது. இது திருச்சபையின் சட்டத்திற்கே மாறானது. கட்டாயத்தாலோ பெரும் அச்சத்தாலோ தரப்படும் சம்மதத்தில் திருமணமே செல்லாது என்கிறது அச்சட்டம். தவிர, ஏதும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் நாம் பலியிடுகிறோம்; அது எவ்விதத்திலும் தர்மமாகாது.

இரண்டாவது, நோய் என எண்ணி மருத்துவரைத் தேடி அலைவது. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இதனை மாற்றுவதாகக் கூறிச் செய்யும் சிகிச்சை மருத்துவ ஒழுக்கக்கேடு என தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அதற்கு வழிவகுத்தது சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. மதுரையிலிருந்து வந்த இரு பெண்களை அவர்தம் பெற்றோர் தேடிய அவ்வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தமக்குள்ள அறியாமையை ஒப்புக்கொண்டு, மனநல வல்லுநரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்து, 2021 ஜூனில் ஆணை பிறப்பித்தார். நீதிபதியே கற்றுக்கொள்ள அமர்ந்தார் எனில், நாம் அமர்வதில் இழுக்கென்ன?

சிலர் ஊதாரி மைந்தனின் உவமையை இங்கே எடுத்துக்காட்டுவர். அது முழுதும் பொருந்தாது. நண்பரின் மகன் சொத்தை அழிக்கவில்லை. வீட்டை விட்டு ஓடவுமில்லை. தன்னைப் பற்றிய உண்மையைத் தந்தையிடம் சொன்னான், அவ்வளவே. எனினும் அவ்வுவமையில் வரும் தந்தை, மகன் தொலைவில் வரும்போதே ஓடிச்சென்று தழுவுகிறாரே, அது மட்டும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

நண்பருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “மகனை வீட்டில் வைத்துக்கொள்வதால் நீங்கள் வேதத்துக்கு விரோதி ஆகமாட்டீர்கள். எல்லாக் கேள்விக்கும் இன்றே முடிவு காண வேண்டியதில்லை. இன்றிரவு அவனை அருகில் அமர்த்தி உண்ணச் சொல்லுங்கள். ஞாயிறன்று வழக்கம்போல் பூசைக்கு அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.”

அடுத்த ஞாயிறன்று நண்பரைக் கோவில் வாயிலில் கண்டோம். தனியே வந்திருந்தார். “அவன் வரவில்லை, ஐயா. ஆனால் வீட்டில் இருக்கிறான், அவன் அம்மாவோடு சேர்ந்து சமையல் செய்கிறான்,” என்றார். அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பின் ஓர் அமைதி தென்பட்டது. கோவில் கதவைப் பற்றிப் பெரியோர் பேசிக்கொண்டிருக்கட்டும். வீட்டுக் கதவின் திறவுகோல் நம் கையில்தானே இருக்கிறது!